கடித்ததை விடும்போது சுருக்கென்றால்: பல் விரிசலும் வைத்தியமும்

மெல்லும்போது ஒன்றும் தெரியாது. கடித்ததை விட்டு வாயைத் திறக்கிற அந்த நொடியில் கடைவாயில் சுருக்கென்று ஒரு குத்து. உடனே போய்விடும். அடுத்த வாய்ச் சோற்றை நாக்கு தானாகவே மறுபக்கம் தள்ளிவிடும். ஜில்லென்று தண்ணீர் குடித்தால் ஒரு கூச்சம். எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் காட்டத் தெரியாது. கண்ணாடியில் சொத்தை இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் விழாது. இவ்வளவும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல் விரிசல்.

இந்த வலியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்தால் வலி இல்லை. அதனால் "சரியாப் போச்சு" என்று ஆளாளுக்கு மாசக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுக்குப் போகிறவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு: "தடைக்காலத்துல பாத்துக்கலாம்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், அப்போது சாவகாசமாகப் பல்லைப் பார்க்கலாம் என்ற கணக்கு. சொத்தைக்கு, பல் சுத்தம் செய்ய, அந்தக் கணக்கு சரி. விரிசலுக்குச் சரிவராது. டிசம்பரில் கேப் (பல்லை மூடி மாட்டும் உறை) போட்டாலே நின்றிருக்கும் பல்லை ஏப்ரலில் பிடுங்க வேண்டி வரும்.

ஏன் விடும்போது வலிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். பல்லின் மேலோடு எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாது; உடம்பிலேயே அதைவிடக் கடினமான பொருள் கிடையாது, ஆனால் வளையாது. அதற்கு அடியில் டென்டின், சுமார் 70 சதவீதம் தாது, மீதி நாரும் நீரும். இது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம், அவற்றின் உள்முனையில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழ். விரிசல் டென்டின் வரை இறங்கிவிட்டால், கடிக்கும்போது அதன் இரண்டு பக்கமும் மயிரிழை அளவு விலகும். விட்டதும் பட்டென்று சேரும். அந்த அசைவில் குழாய்க்குள் இருக்கும் திரவம் குலுங்கி நரம்பைத் தட்டுகிறது. எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் உயிரணுவே இல்லை, அது கூடாது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நூற்றுக்கணக்கான தடவை அந்த விரிசல் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் எச்சிலும் கிருமியும் உள்ளே போகின்றன. விரிசல் போகும் திசை கீழ்நோக்கித்தான்.

அதிகம் விரிவது கீழ்க் கடைவாய்ப் பற்கள். மேல்பல்லின் உள்பக்கக் கூர்முனை நேராகக் கீழ்ப்பல்லின் பள்ளத்தில் ஆப்பு இறங்குவது போல இறங்குகிறது; தாடை மூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அழுத்தமும் அங்கேதான் அதிகம். அடுத்தபடியாக மேல்தாடையின் முன்கடைவாய்ப் பற்கள். முப்பது வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் வரும்.

பெரிய காரணம், பலர் நினைப்பதற்கு மாறாக, முன்பு போட்ட அடைப்பு. பல்லின் மேல்பக்கத்தோடு முன்பக்கம், பின்பக்கம் என மூன்றையும் சேர்த்து வெட்டி அடைத்த குழி, அந்தப் பல்லின் விறைப்பில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிடும் என்று சோதனைக்கூட அளவீடுகள் காட்டியிருக்கின்றன. ரூட் கேனலுக்காக, அதாவது உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு வேர்க்குழாயை அடைக்கிற வைத்தியத்துக்காக, போடும் துவாரம் மட்டும் குறைப்பது சுமார் 5 சதவீதம். அப்படியென்றால் ரூட் கேனல் செய்த பல் ஏன் உடைகிறது? அந்தப் பல் ஏற்கெனவே சொத்தையில் பாதி கரைந்துபோன பல். ரூட் கேனல் முடிந்து வலி நின்றதும் "கேப்புக்கு அப்புறம் வர்றேன்" என்று போனவர் போனவர்தான். ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில், பல் இரண்டாகப் பிளந்த பிறகு திரும்பி வருவார். வலி நின்றதற்கும் பல் பலமாவதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது. காலையில் எழும்போது கன்னத்துச் சதை வலிப்பது, பல்லின் கூர்முனைகள் மழுங்கித் தட்டையாக இருப்பது, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக் கோடு விழுவது எல்லாம் அதன் அடையாளம்.

மூன்றாவது, எதிர்பாராத கடினம். அரிசியில் ஒரு கல், கறிக்குழம்பில் ஒரு எலும்புச் சில்லு. எலும்பு என்று தெரிந்து கடிக்கும்போது தாடை பதமாக இறங்கும். மெத்தென்று நினைத்து முழு வேகத்தில் மூடியபின் கல் அகப்பட்டால், தாடை நிறுத்திக்கொள்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

நம் கரையோரத்தில் இதற்கு வாய்ப்புகள் தாராளம். நண்டுக் கொடுக்கைக் கடைவாயில் வைத்து உடைக்காத ஆள் உண்டா? சமைப்பவர்கள் கழுவும்போதே அம்மிக்குழவியால் கொடுக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் மசாலாவும் உள்ளே இறங்கும், பல்லும் தப்பும். மணலில் காயவைத்த கருவாட்டில் மணல் இருக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மேலாகத் தண்ணீரை ஊற்றாமல் கையால் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். மட்டியிலும் அதே கதை. வறுத்த புளியங்கொட்டை, கொட்டைப்பாக்கு, பனங்கற்கண்டு: முதலாவதைப் பல்லில் பிரச்சினை உள்ளவர்கள் தொடவே வேண்டாம், மூன்றாவதைச் சப்பலாம், கடிக்கக் கூடாது. பாக்கை விடுவதுதான் எல்லா வகையிலும் நல்லது. அது பல்லை மட்டுமா கெடுக்கிறது? நல்லி எலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை எடுங்கள். படகில் மீனுக்குக் கொண்டுபோகும் ஐஸை உடைத்து வாயில் போட்டுக் கடிப்பது சின்னப் பையன்களின் பழக்கம். அதுவும் பல்லை விரியவைக்கும்.

தொழிலில் வருவது தனி. வலை கட்டும் இடத்தில் போய்ப் பாருங்கள், தங்கூசி என்கிற நைலான் இழையைப் பல்லால் வெட்டுவார்கள், முடிச்சைப் பல்லால் கவ்வி இழுப்பார்கள், தூண்டில் ஈயக்குண்டைப் பல்லால் நசுக்குவார்கள். வருஷக்கணக்கில் இப்படிச் செய்தவர்களின் மேல் முன்பல் நுனியில், இழை ஓடிய இடத்தில், சின்னதாக ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கும். அதிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய கோடு. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஈயத்தை வாயில் வைப்பது பல்லைத் தாண்டியும் கேடு, அது நஞ்சு. நகவெட்டி ஒன்றை நூலில் கோத்து வலை ஊசியோடு கட்டிக்கொண்டால் போதும். தங்கூசியைப் பல்லைவிடச் சுத்தமாக வெட்டும். ஈயத்துக்குக் குறடு.

சங்கு குளிக்க இறங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சரியாக ஒட்டாத அடைப்புக்கு அடியிலோ, விரிசலுக்குள்ளோ, தளர்ந்த கேப்புக்குக் கீழோ காற்று இருந்தால் இறங்கும்போது அது சுருங்கும், ஏறும்போது விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் பல்லே சில்லாக உடையலாம், கேப் கழன்று வாய்க்குள் விழலாம். நீருக்கடியில் மட்டும் வருகிற பல்வலி என்றால் அது பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல். ரூட் கேனல் பாதியில் நிற்கும் பல்லோடு, தற்காலிக அடைப்போடு ஆழத்துக்கு இறங்கவே கூடாது. சாதாரண அடைப்புப் போட்டால் குறைந்தது ஒரு நாள், பல் எடுத்தால் குறைந்தது ஒரு வாரம் விட்டு, மருத்துவர் பார்த்த பிறகு இறங்கலாம்.

எல்லாக் கோடும் விரிசல் அல்ல. வயதானவர்களின் முன்பற்களில் செங்குத்தாகத் தெரியும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் எனாமலோடு நின்றுவிடும். வலி இல்லையென்றால் வைத்தியமும் வேண்டாம். ஒரு கூர்முனை மட்டும், பெரும்பாலும் பழைய அடைப்புக்குப் பக்கத்தில், சாய்வாக உடைந்து விழுவது அடுத்தது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இது நல்ல வகை: உடைந்ததை எடுத்துவிட்டு மீதிப் பல்லைக் கட்டிவிடலாம். மூன்றாவதுதான் இந்தப் பதிவின் நாயகன்: பல்லின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடி, மெல்லக் கீழே இறங்கும் விரிசல். அதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு துண்டாகத் தனித்தனியே ஆடும் பிளந்த பல் ஆகும். கடைசி வகை வேரிலேயே தொடங்குகிற விரிசல். ரூட் கேனல் செய்த பல்லில்தான் பெரும்பாலும் வரும், முக்கால்வாசி பல் எடுப்பதில்தான் முடியும்.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான பாகம், நல்ல மருத்துவர் யார் என்று தெரிவதும் இங்கேதான். எக்ஸ்ரே ஏன் காட்டுவதில்லை? எக்ஸ்ரே கதிர் கன்னத்திலிருந்து நாக்குப் பக்கமாகப் போகிறது. விரிசலோ அதற்குக் குறுக்காக நிற்கிறது. கதிரும் விரிசலும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் படத்தில் விழும். ஆகவே "எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு, ஒண்ணுமில்ல" என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. வலி எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்பதிலும் மேல்தாடை, கீழ்தாடை குழப்பம் வரும். இடது வலது மட்டும் குழம்பாது.

செய்ய வேண்டிய சோதனைகள் விலை உயர்ந்தவை அல்ல. சின்ன பிளாஸ்டிக் கடிகட்டை ஒன்றை ஒவ்வொரு கூர்முனை மேலும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, கடித்தபோதா விட்டபோதா என்பது. அதை அப்படியே சொல்லுங்கள். பிறகு வலுவான மெல்லிய ஒளியைப் பல்லின் பக்கத்தில் வைப்பார்கள். முழுப் பல்லில் ஒளி மறுபக்கம் வரை பரவும். விரிசல் இருந்தால் கோடு போட்டது போல அங்கேயே நின்று, அந்தப் பக்கம் இருட்டாகிவிடும். பழைய அடைப்பைக் கழற்றி, நீலச் சாயம் தடவித் துடைத்தால் விரிசலில் மட்டும் நீலம் தங்கும். கடைசியாக அளவுகோல் ஊசியால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் சுற்றிலும் ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் இயல்பு. சுற்றிலும் 2, 3 என்று வந்து ஒரே ஒரு குறுகிய இடத்தில் மட்டும் 6, 7 என்று ஊசி விழுந்தால், விரிசல் வேர் வரை போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பல்லில் பணம் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

இனி வைத்தியம். முதல் நாளே செய்யக்கூடியது, எதிர்ப்பல் அதிகம் இடிக்காமல் அந்தப் பல்லின் மேல்பரப்பைக் கொஞ்சம் தேய்த்துவிடுவது. பிறகு சிலர் பல்லைச் சுற்றி ஒரு ஸ்டீல் பட்டை ஒட்டி இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்ப்பார்கள். பட்டை போட்டதும் வலி நின்றால் நோய் உறுதி, வழியும் தெரிந்தது: கேப். உள்ளே வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைப்பது மட்டும் போதாது. பிளந்துபோகிற பல்லை வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்க வேண்டும், எல்லாக் கூர்முனையையும் மேலே மூட வேண்டும். முழுக் கேப்பாக இல்லாமல் மேல்பாதியை மட்டும் மூடும் ஆன்லேயும் சில பல்லுக்குப் போதும்.

கேப்புக்காகப் பல்லின் மேல்பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டியிருக்கும். இரண்டு தடவை போக வேண்டும், நடுவில் ஒரு வாரம் போலத் தற்காலிகக் கேப். அந்த வாரம் பிசுபிசுவென்று ஒட்டும் கீழக்கரைத் தொதல் இனிப்பின் பக்கம் போகாதீர்கள். அப்படியே ஒட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடும். கழன்றால் கழுவிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள். ஃபெவிக்விக் வைத்து ஒட்ட வேண்டாம். எந்தப் பொருளில் கேப் என்று கேட்டால், கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கும் இரவில் பல் கடிப்பவர்களுக்கும் முழு உலோகம் அல்லது முழு ஜிர்கோனியா. உலோகத்துக்கு மேல் பீங்கான் பூசியது பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பல் கடிப்பவர் வாயில் பீங்கான் சில்லு பெயரும். உலோகக் கேப்புக்குப் பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும் என்பதால், சிரித்தால் தெரியாத இடத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நரம்பு நன்றாக இருக்கிறது என்று கேப் போட்ட விரிசல் பற்களில் சுமார் ஐந்தில் ஒன்றுக்கு ஆறு மாதத்துக்குள் ரூட் கேனல் தேவைப்படும். விரிசல் வழியாகக் கிருமி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். கேப் போடும்போது அது தெரியாது. அப்படி வந்தால் கேப்பில் துவாரம் போட்டே ரூட் கேனல் செய்யலாம், கேப்பைக் கழற்ற வேண்டும் என்றில்லை. மருத்துவரைத் திட்ட வேண்டியதும் இல்லை.

எப்போது நேரே ரூட் கேனல்? குளிர்ந்த தண்ணீர் பட்டு வந்த வலி அரை நிமிடத்துக்கு மேல் நின்றால், சூடு பட்டால் துடித்தால், கடிக்காமலே வலித்தால், ராத்திரி எழுப்பினால். நரம்பு மீளாத நிலைக்குப் போய்விட்டது. பல்லைத் திறந்ததும், பற்கூழ் இருக்கும் உள்ளறையின் தரையை மருத்துவர் பார்ப்பார். விரிசல் தரையைக் குறுக்காகக் கடந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நேர்மை. "தரையில கோடு இருந்துச்சா, டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்டபிறகு கேப்புக்குப் பணம் கட்டுங்கள்.

இதைவிட ஆபத்தானது வலி நின்றுபோவது. பல நாள் துடித்த பல் ஒரு நாள் சட்டென்று அமைதியாகிவிட்டால் குணமானதாக எண்ண வேண்டாம். உள்ளே நரம்பு செத்திருக்கும். சில வாரம், சில மாதம் கழித்து ஈறில் சின்னக் கட்டியும் அதில் சீழும் வரும்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதால் விரிசலுக்கு ஒரு பயனும் இல்லை. அது கிருமிக்கு மருந்து; பிளவை மூடாது. கடலில் இருக்கும்போது வந்தால் செய்யக்கூடியது இவ்வளவுதான்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான குடிதண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது, கடல் தண்ணீரில் அல்ல. நாக்கைக் கிழிக்கும் கூர்விளிம்பு இருந்தால் மெழுகைப் பிசைந்து ஒட்டுவது. கன்னம் வீங்கினால் ஐஸைத் துணியில் சுற்றி வெளியே பத்து நிமிடம் ஒத்துவது, சூடு வேண்டாம். பெரியவர்களுக்கு பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்காதவர்கள், கர்ப்பிணி அல்லாதவர்கள் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் இன்னும் நன்றாகக் கேட்கும். மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொள்வது, கிராம்புத் தைலத்தை ஈறு முழுக்கப் பூசுவது இரண்டும் சதையை வெந்துபோகச் செய்யும்.

தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் அது இனிமேல் பல்வலி அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மணிக்கணக்கில் முற்றும். கரை ஏறியதும் 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அவசரமில்லாத கேப், ரூட் கேனல் வேலைகளுக்குத் தனியார் கட்டணம் கட்டாதென்றால் 2023-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். தொண்டிப் பக்கத்தவர்களுக்கு அது எட்டும் தூரம்தான்.

கேப் போட்ட பிறகு இரவில் பல் கடிப்பவர்களுக்கு அளவெடுத்துச் செய்த கடினமான அக்ரிலிக் தட்டு வேண்டும். கடையில் விற்கும் மெத்தென்ற ரப்பர் வகையைச் சிலர் இன்னும் அதிகமாகத்தான் மெல்லுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசியால் ஆழம் பார்க்கச் சொல்லுங்கள். அன்று 3 இருந்த இடம் இன்று 6 என்றால் விரிசல் கேப்புக்குள்ளும் நகர்ந்திருக்கிறது.

பிளந்த பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற வழி இல்லை, எடுக்கத்தான் வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. ரத்தக்கட்டு கலைந்தால் மூன்றாம் நாள் வரும் எலும்பு வலி பல்வலியை மிஞ்சும். போனது முதல் கடைவாய்ப் பல் என்றால் இடத்தைச் சும்மா விடாதீர்கள். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். தாடை எலும்பில் திருகு வைத்துக் கட்டும் இம்ப்ளாண்ட், அது முடியாவிட்டால் பக்கத்துப் பற்கள் தாங்கும் பிரிட்ஜ். பிரிட்ஜுக்கு இரண்டு பக்கத்து நல்ல பல்லையும் தேய்க்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்தே ஒத்துக்கொள்ளுங்கள். போனது கடைசிப் பல், மற்றப் பக்கம் மெல்ல வசதியாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடலாம்.